கார்பன் வரி வலதுசாரிகள் கொண்டுவந்த யோசனைதான். பிறகு அவர்களே ஏன் கைவிட்டார்கள்?

"அமெரிக்கக் குடியரசுக் கட்சிக்காரர்கள் காலநிலை மாற்றத்தையே நம்பாதவர்கள் ஆயிற்றே, அவர்களில் ஒரு சாரார் கார்பன் வரியை ஆதரிக்கிறார்கள் என்கிறார்களே, உண்மையா? உண்மையென்றால் ஏன் இன்னும் சட்டமாகவில்லை? இரண்டு கட்சியும் சேர்ந்து எதையாவது செய்ய வாய்ப்பு உண்டா?" இதுதான் கேள்வி. மூன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

முதல் கேள்விக்கு: உண்மைதான். மாசுக்கு விலை வைத்துச் சந்தையின் வழியாகவே அதைக் குறைப்பது என்ற வழியை அமெரிக்காவில் பெரிய அளவில் சட்டமாக்கிக் காட்டியவர் ஒரு குடியரசுக் கட்சி அதிபர். அந்தக் கட்சியின் மூத்த தலைவர்கள் சிலர் கடைசி மூச்சுவரை இதற்காக வாதாடியிருக்கிறார்கள்.

இது ஏன் வலதுசாரிகளுக்குப் பிடித்தமான வழி என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். புகையைக் குறைக்க ஓர் அரசுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, எந்தத் தொழிற்சாலை எந்தக் கருவியைப் பொருத்த வேண்டும், எந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று விதி போடுவது. இரண்டாவது, சூரிய மின்தகட்டுக்கும் மின்சாரக் காருக்கும் மானியம் கொடுப்பது. மூன்றாவது, ஒரு டன் கரியமில வாயுவுக்கு இத்தனை டாலர் என்று விலை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. முதல் இரண்டிலும் எது நல்ல தொழில்நுட்பம் என்பதை அதிகாரி தீர்மானிக்கிறார். மூன்றாவதில் அதைத் தீர்மானிப்பது வாங்குபவரும் விற்பவரும். நம் வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டிவிட்டு அள்ளும் செலவை ஊர் தலையில் கட்டுவது தவறு என்றால், புகையை வானத்தில் விட்டுவிட்டுப் போவதும் தவறுதான். செய்தவன் செலவைச் செய்தவனே ஏற்கட்டும் என்பது பழமைவாதத்தின் அடிப்படை ஒழுக்கம். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920இலேயே இதற்கான கோட்பாட்டை எழுதி வைத்துவிட்டார்.

விலை என்ன செய்யும் என்பதை மின்சாரத்தில் வைத்துப் பார்க்கலாம். நிலக்கரியில் ஒரு மெகாவாட்-மணி மின்சாரம் தயாரித்தால் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயு வெளியாகிறது. புதிய இயற்கை எரிவாயு நிலையத்தில் அதே மின்சாரத்துக்கு 0.4 டன் போதும். காற்றாலையில் எரிபொருளே இல்லை. டன்னுக்கு 40 டாலர் என்று விலை வைத்தால் நிலக்கரி மின்சாரத்தின் மேல் 40 டாலர் ஏறுகிறது, எரிவாயுவின் மேல் 16 டாலர், காற்றின் மேல் ஒன்றுமில்லை. எந்த அமைச்சரும் எந்த நிலையத்தையும் மூடச் சொல்ல வேண்டியதில்லை. எந்த நிலையத்தை முதலில் ஓட்டுவது என்று மின்வாரியத்தில் கணக்குப் போடுபவர் மறுநாள் காலையிலேயே வரிசையை மாற்றிவிடுவார்.

வெறும் தாளில் எழுதிய கணக்கு அல்ல இது. 1980களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் ஏரிகள் அமிலமாகிக்கொண்டிருந்தன. ஒஹையோ, இந்தியானா போன்ற மாநிலங்களின் அனல்மின் நிலையங்களிலிருந்து வந்த கந்தக டை ஆக்சைடுதான் காரணம். மூத்த ஜார்ஜ் புஷ் 1988 தேர்தலில் சுற்றுச்சூழலைக் காப்பேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார். அவருடைய வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் பாய்டன் கிரே, சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றின் பொருளாதார அறிஞர்களோடு உட்கார்ந்து ஒரு திட்டம் வகுத்தார். நாடு முழுவதற்கும் ஓர் உச்சவரம்பு. 1980 அளவிலிருந்து ஆண்டுக்கு 1 கோடி டன் குறைய வேண்டும். அதற்குள் ஒவ்வொரு நிலையத்துக்கும் உமிழ்வு உரிமங்கள். மிச்சம் பிடித்தவர் விற்கலாம், தேவைப்பட்டவர் வாங்கலாம். இப்படிப் புகைக்குத் தானாகவே ஒரு விலை வந்துவிடும். 1990 நவம்பர் 15 அன்று புஷ் அதில் கையெழுத்திட்டார். இறுதி வடிவம் செனட்டில் 89க்கு 10 என்றும், பிரதிநிதிகள் சபையில் 401க்கு 25 என்றும் நிறைவேறியது. இன்றைய அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையே நம்ப முடியாததாக இருக்கும்.

மின் நிறுவனங்கள் கட்டணம் கட்டுக்கடங்காமல் ஏறும் என்று பயமுறுத்தின. நடந்தது வேறு. சில நிலையங்கள் புகைபோக்கியில் கந்தகத்தைப் பிடிக்கும் கருவி பொருத்தின. வேறு பல, வயோமிங்கிலிருந்து கந்தகம் குறைந்த நிலக்கரியை ரயிலில் வரவழைத்தன. ரயில் கட்டணம் அப்போது குறைந்திருந்தது, அது நல்ல நேரம். 1996இல் ஒரு டன் உரிமத்தின் விலை 100 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2010 வாக்கில் மின் நிலையங்களின் கந்தகப் புகை 1980இல் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த அதிகாரியும் முன்கூட்டி எழுதி வைத்திருக்க முடியாத வழிகளை அந்த நிறுவனங்களே கண்டுபிடித்தன. இந்த முறைமையின் பலமே அதுதான்.

அதே காலத்தில் ரீகன் 1987இல் ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையை ஆதரித்தார். மார்கரெட் தாட்சர், அடிப்படையில் வேதியியல் படித்தவர், 1988 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டியில் புவி சூடாவதைப் பற்றி எச்சரித்தார். அந்தத் தலைமுறை வலதுசாரிகளுக்கு அறிவியலோடு பகை இருக்கவில்லை.

அந்த நிலை 2000களிலும் சற்றுக் காலம் தொடர்ந்தது. ஜான் மெக்கெய்ன் ஜனநாயகக் கட்சிப் பக்கத்திலிருந்து ஜோ லீபர்மேனைச் சேர்த்துக்கொண்டு, கந்தகத் திட்டத்தை அப்படியே கரியமில வாயுவுக்குக் கொண்டுவரும் மசோதாவை 2003இல் செனட்டில் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். 43க்கு 55 என்று தோற்றது. 2008இல் அதிபர் வேட்பாளராக நின்றபோதும் அதே கொள்கையைச் சொன்னார். எதிர்த்து நின்ற ஒபாமாவும் அதையே சொன்னார். கலிபோர்னியாவின் உமிழ்வுச் சட்டத்தில் 2006இல் கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்னேகர். வடகிழக்கு மாநிலங்களின் கூட்டு உமிழ்வுச் சந்தைக்கு 2003இல் அழைப்பு விடுத்தவர் நியூயார்க்கின் குடியரசுக் கட்சி ஆளுநர் ஜார்ஜ் படாகி. 2008 இறுதிவரை இது முழுக்க முழுக்கக் கட்சிச் சண்டையாக ஆகிவிடவில்லை என்று சொல்லலாம்.

2009 ஜூன் 26 அன்று, கரியமில வாயுவுக்கு உச்சவரம்பும் உரிமச் சந்தையும் கொண்டுவரும் ஜனநாயகக் கட்சியின் வாக்ஸ்மேன்–மார்க்கி மசோதா பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்று நிறைவேறியபோது, ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் எட்டே பேர். ஜனநாயகக் கட்சியிலேயே 44 பேர் எதிர்த்தார்கள். செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. பொருளாதாரச் சரிவு, வேலையின்மை, டீ பார்ட்டி என்ற வரி எதிர்ப்பு வலதுசாரி எழுச்சி, எண்ணெய் நிலக்கரிப் பணம், ஒபாமா எதைத் தொட்டாலும் எதிர்ப்பது என்ற உத்தி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. "எரிசக்தி வரி" என்ற ஒற்றை முத்திரை குத்தியாகிவிட்டது. கட்சியின் சொந்த யோசனையே எதிரியின் யோசனை ஆனது அப்போதுதான்.

அந்த மாற்றம் ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படி விழுந்தது என்பதைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். பாப் இங்லிஸ், தென் கரோலினாவின் கிரீன்வில், ஸ்பார்டன்பர்க் பகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போனவர். கருக்கலைப்பு, துப்பாக்கி, வரி எல்லாவற்றிலும் அக்மார்க் பழமைவாதி. முதல் ஆறு வருடம் காலநிலை மாற்றம் என்றாலே ஜனநாயகக் கட்சியின் அல் கோரின் கற்பனை என்று ஒதுக்கித் தள்ளியதாக அவரே சொல்கிறார். 2004இல் மறுபடி போட்டியிட்டபோது, முதல் முறை ஓட்டுப்போடும் வயதுக்கு வந்த மூத்த மகன், "அப்பா, உங்களுக்குத்தான் ஓட்டு, ஆனால் சுற்றுச்சூழல் விஷயத்தில் நீங்கள் மாற வேண்டும்" என்று சொன்னாராம். அதன்பின் நாடாளுமன்றக் குழுவோடு அண்டார்டிகாவுக்குப் போனார். பனிக்கட்டியைத் துளைத்தெடுத்த உருளைகளில் பழைய காற்றைப் படிக்கும் விஞ்ஞானிகளைப் பார்த்தார். ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் தன்னைப் போலவே பக்தி மிகுந்த ஒரு கடல் ஆய்வாளரோடு நீந்தினார்.

திரும்பி வந்து வாக்ஸ்மேன்–மார்க்கியை எதிர்த்தே வாக்களித்தார், அது சிக்கலானது என்று. பதிலுக்கு 2009இல் தன் சொந்த மசோதாவை வைத்தார். டன்னுக்கு 15 டாலரில் தொடங்கி முப்பது ஆண்டுகளில் 100 டாலருக்கு ஏறும் கார்பன் வரி. வசூலாகும் தொகை முழுவதற்கும் ஈடாகச் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி குறையும். அரசுக்கு ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் போகாது. உழைப்புக்கு வரி குறைவு, புகைக்கு வரி அதிகம். இதைவிடச் சுத்தமான வலதுசாரி மசோதாவை எழுத முடியாது என்பது என் கருத்து. 2010 ஜூனில் அவருடைய சொந்தக் கட்சியின் உட்தேர்தலில் டிரே கௌடியிடம் 71க்கு 29 சதவீதம் என்ற கணக்கில் தோற்றார். வங்கி மீட்புத் திட்டத்துக்கு அவர் வாக்களித்ததும் ஈராக்கில் படை அதிகரிப்பை எதிர்த்ததும் அந்தத் தோல்வியில் பங்கு வகித்தன, அதை மறைக்கக் கூடாது. ஆனால் தன்னைத் தோற்கடித்த மிகப் பெரிய காரணம் காலநிலைதான் என்று அவர் சொல்கிறார். மற்ற உறுப்பினர்களும் அப்படித்தான் படித்துக்கொண்டார்கள். பொதுத்தேர்தலில் தோற்பதைவிட உட்தேர்தலில் தோற்பதற்குத்தான் அமெரிக்க அரசியல்வாதி அதிகம் பயப்படுகிறார். உட்தேர்தலில் ஓட்டுப்போட வருபவர்கள் கட்சியின் மிகக் கறாரான சிறு பகுதியினர். பெரும்பான்மைக் கருத்து எதுவாயிருந்தாலும் அங்கே எடுபடாது. இரண்டாவது கேள்விக்கான பதிலில் பாதி இதுவே.

2015இல் கென்னடி நூலகத்தின் துணிச்சல் விருது இங்லிஸுக்குக் கிடைத்தது. இன்றும் ஊர் ஊராகப் பழமைவாதக் கூட்டங்களுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறார். பதவி போன பிறகும் இப்படி ஒரு காரியத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அடுத்த பெரிய முயற்சி 2017 பிப்ரவரியில், டிரம்ப் பதவியேற்ற சில வாரங்களில் வந்தது. ரீகனின் நிதியமைச்சரும் மூத்த புஷ்ஷின் வெளியுறவு அமைச்சருமான ஜேம்ஸ் பேக்கர், நிக்சனின் நிதியமைச்சரும் ரீகனின் வெளியுறவு அமைச்சருமான ஜார்ஜ் ஷுல்ட்ஸ், இளைய புஷ்ஷின் நிதியமைச்சர் ஹாங்க் பால்சன், பொருளாதார அறிஞர்கள் மார்ட்டின் ஃபெல்ட்ஸ்டைன், கிரெக் மேன்கியூ ஆகியோர் சேர்ந்து ஒரு திட்டத்தை வெளியிட்டார்கள். நான்கு தூண்கள். டன்னுக்கு 40 டாலர் வரி. வசூல் முழுவதையும் குடிமக்களுக்கே சமமாகப் பங்கிட்டுத் தருவது. நான்கு பேர் குடும்பத்துக்கு முதல் ஆண்டில் சுமார் 2,000 டாலர். கார்பன் விலை இல்லாத நாடுகளிலிருந்து வரும் பொருளுக்கு எல்லையில் கட்டணம். இவற்றுக்கு ஈடாக, தேவையற்றுப் போகும் சுற்றுச்சூழல் விதிகளை நீக்குவது. விதிகளுக்குப் பதில் விலை என்பதே அவர்கள் தங்கள் கட்சிக்கு நீட்டிய பேரம்.

ஷுல்ட்ஸ் அப்போது 96 வயதைத் தாண்டியவர். வீட்டுக் கூரையில் சூரியத் தகடு, ஓட்டுவது மின்சாரக் கார். ஓசோன் விஷயத்தில் விஞ்ஞானிகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தபோதும் ரீகன் அதை ஒரு காப்பீடாகக் கருதிக் கையெழுத்திட்டார், அதையே இப்போதும் செய்வோம் என்பதுதான் அவருடைய வாதம். 2021இல் நூறு வயதில் இறக்கும்வரை அதை விடாமல் சொல்லிவந்தார்.

2019 ஜனவரியில் இதே அடிப்படையில் ஒரு கூட்டறிக்கை வந்தது. நோபல் பரிசு பெற்ற 27 பேர், அமெரிக்க மத்திய வங்கியின் அன்று உயிரோடிருந்த முன்னாள் தலைவர்கள் நான்கு பேரும் (வோல்க்கர், கிரீன்ஸ்பான், பெர்னான்கி, யெல்லன்), இரு கட்சி அதிபர்களுக்கும் ஆலோசகர்களாக இருந்த 15 பேர் கையெழுத்திட்டார்கள். பிறகு 3,500க்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் சேர்ந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் இந்த அளவு ஒன்றுசேர்ந்த விஷயம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியிருந்தும் நடக்கவில்லை. காரணத்தைப் பெட்ரோல் பங்கில் பார்க்கலாம். ஒரு அமெரிக்க காலன் பெட்ரோலை எரித்தால் சுமார் 8.9 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. 40 டாலர் விலையில் காலனுக்கு ஏறத்தாழ 35 சென்ட் ஏறும். அந்த 35 சென்ட் ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் கண்ணில் படும், நெடுஞ்சாலை ஓரத்தில் ஆளுயர எழுத்தில் எரியும். திரும்பி வரும் 2,000 டாலர் எப்போதோ ஒரு நாள் வங்கிக் கணக்கில் சத்தமில்லாமல் விழும். அதிகம் எரிப்பவர்கள் வசதியானவர்கள் என்பதால் பெரும்பாலான ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு வருவது போவதைவிட அதிகம். கணக்கு சரி. ஆனால் வலி தினமும் தெரிகிறது, மருந்து தெரிவதில்லை.

கனடாவில் இது அப்படியே நடந்தது. 2019இல் தொடங்கிய மத்திய அரசின் எரிபொருள் கட்டணத்தில் பெரும்பகுதி குடும்பங்களுக்கே திரும்பிப் போனது. முதலில் வருமான வரிக் கணக்கோடு கழித்துக் கொடுத்தார்கள், 2022 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் போட்டார்கள். பணம் வந்தும், எதற்கு வந்தது என்று தெரியாதவர்கள் ஏராளம். எதிர்க்கட்சித் தலைவர் பியர் பொய்லியேவ் "வரியை வெட்டு" என்ற முழக்கத்தை ஊரெங்கும் கொண்டுபோனார். கடைசியில் 2025 ஏப்ரல் 1 முதல் அதை நீக்கியவர், வரியைக் கொண்டுவந்த அதே லிபரல் கட்சியின் பிரதமர் மார்க் கார்னியே. பெரிய ஆலைகள் மீதான கார்பன் விலையை அவர் விட்டுவைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எண்ணெய் நிறுவனங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பேக்கர்–ஷுல்ட்ஸ் திட்டத்தை எக்ஸான் மொபில், ஷெல், பிபி போன்றவை வெளிப்படையாக ஆதரித்தன. 2021இல் எக்ஸானின் வாஷிங்டன் பரப்புரையாளர் ஒருவர் ரகசியப் பதிவில் மாட்டினார். கார்பன் வரி எப்படியும் வராது, ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்வது வசதி என்ற பொருளில் அவர் பேசியது வெளியானது. நிறுவனம் அதைத் தன் நிலைப்பாடு அல்ல என்றது. திட்டத்தை நடத்திய அமைப்பு எக்ஸானின் உறுப்பினர் நிலையை நிறுத்திவைத்தது. நேர்மையாக உழைத்தவர்களின் பெயரையும் இது கெடுத்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

நாடாளுமன்றத்துக்குள் நடந்ததும் இதே பாதைதான். 2016 பிப்ரவரியில் புளோரிடாவிலிருந்து வந்த இருவர், குடியரசுக் கட்சியின் கார்லோஸ் கர்பெலோவும் ஜனநாயகக் கட்சியின் டெட் டாய்ச்சும், ஒரு காலநிலைக் குழுவைத் தொடங்கினார்கள். ஒரு கட்சியிலிருந்து ஒருவர் சேர வேண்டுமென்றால் மறு கட்சியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் வர வேண்டும். 2018இல் 90 பேர் ஆனார்கள். கடல் ஏறினால் கர்பெலோவின் தொகுதி பெரிதும் பாதிக்கப்படும். கீ வெஸ்ட் தீவு அதில்தான் இருந்தது. அந்த ஜூலையில், கார்பன் வரி நாட்டுக்குக் கேடு என்ற தீர்மானத்தைக் கட்சித் தலைமை கொண்டுவந்தது. 229க்கு 180 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சிக்காரர்கள் ஆறு பேர். குழுவில் இருந்த மற்ற குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் தலைமையோடு போனார்கள். அடுத்த சில நாட்களில் கர்பெலோ டன்னுக்கு 24 டாலர் வரி மசோதாவை வைத்தார். நவம்பரில் அவர் தோற்றார், இந்த முறை பொதுத்தேர்தலில், ஜனநாயகக் கட்சி வேட்பாளரிடம். வலதில் துணிந்தவருக்கு இடதும் இடம் விடவில்லை.

இடதுசாரிகளின் பங்கைப் பேசாமல் விட்டால் கதை அரைகுறை. வாஷிங்டன் மாநிலத்தில் 2016இல் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. கார்பன் வரி போட்டு, அந்த அளவுக்கு விற்பனை வரியைக் குறைக்கும் திட்டம். மாநில ஜனநாயகக் கட்சியே எதிர்த்தது. பல பசுமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் அந்தப் பணத்தைப் பசுமைத் திட்டங்களில் செலவிட வேண்டும் என்று ஆதரவு தர மறுத்தன. 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2018இல் அவர்கள் கேட்டபடியே செலவிடும் திட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலருக்கு மேல் இறக்கி அதையும் தோற்கடித்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இடது கோபிக்கிறது, செலவிட்டால் வலது கோபிக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் 2009இல் கிரீன்ஸ் கட்சி, போதாது என்று சொல்லி உமிழ்வுச் சந்தை மசோதாவை எதிர்த்தது. அதே மசோதாவுக்கு ஒத்துழைத்த குற்றத்துக்காக, அங்கே வலதுசாரிக் கட்சியான லிபரல் கட்சியின் தலைவர் மால்கம் டர்ன்புல் டிசம்பர் 1 அன்று 42க்கு 41 என்று ஒரே ஓட்டில் தலைமையை டோனி அபட்டிடம் இழந்தார்.

ஆஸ்திரேலியாவில் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு இட்டுச் செல்கிறது. 2012 ஜூலையில் லேபர் கட்சிப் பிரதமர் ஜூலியா கில்லார்டின் அரசு டன்னுக்கு 23 ஆஸ்திரேலிய டாலர் விலை வைத்தது. மின்துறை உமிழ்வு குறைந்தது. ஆனால் வந்த நாளிலிருந்தே அடுத்த ஆட்சியில் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்சிக்கு வந்த அபட் 2014 ஜூலையில் அதை ரத்து செய்தார். இரண்டே வருடம்.

ஓர் அனல்மின் நிலையம் நாற்பது ஆண்டு ஓடும். சிமென்ட் சூளையும் எஃகு உலையும் அப்படியே. அதைக் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் இன்றைய விலையைப் பார்ப்பதில்லை; பதினைந்து, இருபது ஆண்டு கழித்தும் அந்த விலை இருக்குமா என்று பார்க்கிறார். ஒரு கட்சி மட்டும் கொண்டுவந்த விலை அடுத்த தேர்தலில் போய்விடும் என்று அவர் நம்பினால், சட்டத்தில் விலை எவ்வளவு எழுதியிருந்தாலும் அவர் மனத்தில் அதன் மதிப்பு பாதிதான். இதனால்தான் இரு கட்சி ஆதரவை நான் ஒரு அரசியல் நாகரிகமாகப் பார்ப்பதில்லை. விலை வேலை செய்வதற்கான இயந்திர பாகங்களில் ஒன்று அது. எதிர்க்கட்சியை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் வேகமாகச் சட்டம் போடுவது லாபம் போலத் தோன்றும், ஆனால் முதலீட்டாளரின் கணக்கில் அது நஷ்டம்.

ஸ்வீடனைப் பாருங்கள். 1991இல் பெரிய வரிச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியாக, சமூக ஜனநாயகக் கட்சியும் லிபரல் கட்சியும் உடன்பட்டு, டன்னுக்கு 250 குரோனாவில் கார்பன் வரி தொடங்கியது. வருமான வரி குறைந்தது. அதன்பின் வலதுசாரி ஆட்சிகள் பலமுறை வந்தும் வரி நின்றது. இன்று அது தொடக்கத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பிரிட்டனில் 2008 காலநிலைச் சட்டம் மூன்றாம் வாசிப்பில் 463க்கு 3 என்று நிறைவேறியது. கன்சர்வேட்டிவ் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2013இல் மின் நிலையங்களுக்கு கார்பன் அடிவிலையை, அதாவது அதற்குக் கீழே இறங்க முடியாத விலையைக் கொண்டுவந்தார். 2012இல் பிரிட்டன் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரி. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையமான ராட்க்ளிஃப் மூடப்பட்டது. பெட்ரோல் பங்கில் தெரியாமல், மின் நிலையத்தின் வாயிலில் விலை வைத்தது அங்கே உதவியது. கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக் 2025 அக்டோபரில் அந்த 2008 சட்டத்தையே ரத்து செய்வோம் என்று அறிவித்திருப்பது இதனால்தான் கவலை தருகிறது.

எதிர்த்திசை உதாரணமும் ஒன்று உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008 ஜூலை 1 அன்று கார்பன் வரி கொண்டுவந்தவர் வலது நோக்குள்ள முதல்வர் கோர்டன் கேம்பல். டன்னுக்கு 10 கனடிய டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 5 ஏற்றி 30 வரை போனார். வசூல் முழுவதற்கும் வருமான வரியையும் நிறுவன வரியையும் குறைத்தார். 2009 தேர்தலில் இடதுசாரி புதிய ஜனநாயகக் கட்சிதான் வரியை ஒழிப்போம் என்று நின்றது, தோற்றது. பிறகு ஆட்சிக்கு வந்ததும் அதே கட்சி அந்த வரியைத் தொடர்ந்து உயர்த்தியது. பல ஆண்டுகள் மாநிலப் பொருளாதாரமும் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் வரிக்குறைப்பு என்ற பேரத்தை 2017க்குப் பின் புதிய ஆட்சி கைவிட்டது. வலதுசாரிகளைக் கூடவே வைத்திருந்த கயிறு அது. 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான வரி அங்கேயும் நீக்கப்பட்டது.

அமெரிக்காவில் இரு கட்சியும் சேர்ந்து எதுவுமே செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம். குளிர்சாதன வாயுக்களை 15 ஆண்டுகளில் 85 சதவீதம் குறைக்கும் சட்டத்தில் 2020 டிசம்பரில் கையெழுத்திட்டவர் டிரம்ப். அதன் உலக உடன்படிக்கையான கிகாலி திருத்தத்தை செனட் 2022இல் 69க்கு 27 என்று ஏற்றது. அணுமின் உரிமங்களை விரைவுபடுத்தும் 2024 சட்டம் செனட்டில் 88க்கு 2. மூன்றிலும் அமெரிக்க உற்பத்தியாளருக்கு லாபம் இருந்தது, யார் பையிலிருந்தும் நேரடியாகக் காசு போகவில்லை. மாறாக 2022இல் தூய எரிசக்திக்கான பெரிய மானியச் சட்டம் ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லாமல் நிறைவேறியது. அந்த மானியத்தால் வந்த தொழிற்சாலைகளில் பெரும்பகுதி குடியரசுக் கட்சித் தொகுதிகளுக்கே போனது. 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள் மானியங்களை அடியோடு நீக்க வேண்டாம் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். இருந்தும் 2025 ஜூலையில் அவற்றில் பெரும்பாலானவை வெட்டப்பட்டன. பிரதிநிதிகள் சபையின் இறுதி வாக்கெடுப்பில் கட்சியை மீறியவர்கள் இரண்டே பேர்.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு, பலருக்கு நினைவில்லை. 2010இல் பிரணாப் முகர்ஜி நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் போட்டார். அருண் ஜேட்லி அதை 100, 200 என்று ஏற்றி 2016இல் 400 ரூபாய் ஆக்கினார். ஒரு கட்சி தொடங்கியதை எதிர்க்கட்சி எட்டு மடங்காக்கியது. ஜிஎஸ்டி வந்தபோது பணம் மாநிலங்களுக்கான இழப்பீட்டு நிதிக்குத் திருப்பிவிடப்பட்டது, செஸ்ஸின் சுற்றுச்சூழல் நோக்கம் கரைந்துபோனது.

மூன்றாவது கேள்வி, இனி என்ன. உள்நாட்டில் பெட்ரோலுக்குக் கார்பன் வரி என்பது அமெரிக்காவில் அண்மையில் வராது, அந்த நம்பிக்கையை நான் தரப்போவதில்லை. கதவு திறந்திருப்பது எல்லையில். லூசியானாவின் குடியரசுக் கட்சி செனட்டர் பில் கேசிடி, அதே கட்சியின் செனட்டர் லிண்ட்சே கிரஹாமோடு சேர்ந்து, அதிகப் புகை விட்டுத் தயாராகும் இறக்குமதிப் பொருளுக்குக் கட்டணம் விதிக்கும் மசோதாவை 2023இல் வைத்து, 2025 ஏப்ரலில் மீண்டும் கொண்டுவந்தார். அமெரிக்க எஃகு சீன எஃகைவிடக் குறைவான புகையில் உருவாகிறது, அந்த நேர்மைக்குப் பலன் வேண்டும் என்பது வாதம். அவர்கள் இதை வரி என்று சொல்வதில்லை, உள்நாட்டு நிறுவனத்துக்கு விலையும் இல்லை. ஆனால் எல்லையில் கட்டணம் போட வேண்டுமானால் ஒவ்வொரு டன் எஃகிலும் எத்தனை டன் கார்பன் இருக்கிறது என்று அளந்தாக வேண்டும். அளப்பதற்கான மசோதாவை ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸும் வடக்கு டகோட்டாவின் குடியரசுக் கட்சி செனட்டர் கெவின் கிராமரும் சேர்ந்து 2023இல் வைத்தார்கள். அளவு வந்துவிட்டால் விலைக்கான பாதி வேலை முடிந்தது.

ஐரோப்பா காத்திருக்கவில்லை. எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்கான அதன் எல்லைக் கட்டணம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏற்றுமதி செய்யும் நாட்டிலேயே கார்பன் விலை செலுத்தியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். அதுவும் ஒரு காரணமாக இந்தியா 2023இல் தன் சொந்தக் கார்பன் சந்தைக்கான விதிகளை அறிவித்தது. ஐரோப்பாவுக்குப் போகும் பணம் இங்கேயே இருக்கட்டும் என்ற கணக்கு எந்தக் கட்சி நிதியமைச்சருக்கும் புரியும். வாஷிங்டனிலும் அடுத்த சில ஆண்டுகளில் குடியரசுக் கட்சிக்காரர்களை மேசைக்குக் கொண்டுவரப் போவது அந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். கேசிடியின் மசோதாவைக் குழு விவாதத்துக்கு எடுக்கிறதா, ஜனநாயகக் கட்சியிலிருந்து யார் அதில் பெயர் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.